மாடி வீட்டு சப்வூஃபர்

ஜூன் 3

அன்புள்ள காயில்காரிக்கு,

என் எண்ணை நீ முடக்கிவிட்டாய். என்னோடு ஷிஃப்ட் பார்க்கிற தாடியின் போனிலிருந்தும் அழைத்துப் பார்த்தேன். நான்தான் என்று தெரிந்ததும் வைத்துவிட்டாயாம். "மச்சான், லைன் கட்டாகி எவ்வளவு நேரமாச்சு, நீ பாட்டுக்குப் பேசிட்டே இருக்க" என்று தாடி போனைப் பிடுங்கிக்கொண்டான். தபால்காரரை மட்டும் உன்னால் முடக்க முடியாது. அதனால்தான் இந்தக் காகிதம். வாரம் ஒரு தடவை சாமான் ஏற்றிவரும் லாரியில் இது போகும். உன் பதிலும் அதே லாரியில்தான் வர வேண்டும்.

நான் என்ன செய்தேன்? யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. கடைசியாகப் பேசியபோது நல்லபடியாகத்தானே வைத்தோம். லீவு கிடைக்கவில்லை என்ற கோபமா? இந்தச் சுரங்கம் முழுவதும் எங்கள் நாலு எஞ்சின்களை நம்பித்தான் ஓடுகிறது. மாற்று ஆள் வராமல் ஜெனரேட்டர் அறையை விட்டு நகர விடமாட்டேன் என்கிறார்கள். என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். "உனக்கு என்ன, வயித்து வலியா?" என்கிறான் தாடி.

பாப்பா எப்படி இருக்கிறது? இந்நேரம் உதைக்க ஆரம்பித்திருக்க வேண்டுமே. உள்ளறைக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொன்னேனே, அடித்தாயா?

என் மேல் இருக்கிற கோபத்தைச் சோற்றில் காட்டாதே. காயில் சுற்றுகிற அவசரத்தில் விட்டுவிடாமல் வேளைக்குச் சாப்பிடு.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 14

ஜெனரேட்டர் அறைக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு துண்டுகளைப் பொறுக்கி மேசையில் சேர்த்துவைத்து மறுபடி படித்தேன். "உதைக்க ஆரம்பித்திருக்க வேண்டுமே" என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

போன மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு உங்களுக்குப் போன் செய்தேன். உங்கள் அண்ணி பக்கத்தில் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "என்னங்க, குழந்தை போயிடுச்சு" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "அப்படியா, ரொம்ப சந்தோஷம், உடம்பைப் பாத்துக்க, ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டீர்கள்.

அண்ணி, "தம்பி என்னம்மா சொன்னார்?" என்று கேட்டார். "அழறார்" என்றேன். உங்கள் மானத்தைக் காப்பாற்ற அந்த நேரத்திலும் ஒரு பொய். "யாரும் அவருக்குப் போன் போடாதீங்க, தாங்க மாட்டார்" என்றும் சொல்லிவைத்தேன். அதனால்தான் யாரும் உங்களிடம் துக்கம் கேட்கவில்லை.

உள்ளறைக்கு மஞ்சள் அடிக்கவில்லை. இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.


ஜூன் 25

என் காயில்காரிக்கு,

லாரிக்காரன் கொடுத்த இடத்திலேயே நின்று படித்தேன். பிறகு எங்கே போனேன், எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. தாடிதான் டீசல் தொட்டிக்குப் பின்னாலிருந்து என்னை எழுப்பி அழைத்துவந்தான்.

எனக்குக் கேட்கவில்லையம்மா. நீ சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை.

காது போய்க்கொண்டிருக்கிறது. எப்போது ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது. எஞ்சினின் உறுமல், கதவு சாத்துகிற சத்தம், ஆண்களின் குரல் எல்லாம் வருகிறது. கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போயின. பறவை போனது, விசில் போனது, பிறகு உன் குரல் போனது. போனில் நீ பேசுவது தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி வரும். ஏற்ற இறக்கத்தை வைத்து ஊகம் செய்து பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நீ மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாய். குழந்தை முதல் தடவையாக அசைந்தது என்று சொல்கிறாய் என நினைத்துக்கொண்டேன். அதற்குத்தான் சிரித்தேன்.

கம்பெனி டாக்டருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். காதுச் சோதனையின்போது அவருடைய கம்பவுண்டர் சத்தம் விடுகிற பொத்தானை அழுத்துகிற விரலைப் பார்த்தே கையைத் தூக்கித் தப்பித்துவந்தேன். உன்னிடம் சொல்லியிருக்கலாம். செவிடன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நீ தனியாக நின்றாயே. நான் சிரித்தேனே. லீவு கேட்டு மேனேஜர் அறை வாசலிலேயே நிற்கிறேன். "ஆள் வரட்டும்" என்கிறார். எனக்கு ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.


ஜூலை 6

உங்களுக்கு,

நம்பலாமா என்று பல நாள் யோசித்தேன். போன தடவை நீங்கள் வந்திருந்தபோது, கதவு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நீங்கள் பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை. சோம்பேறி என்று கத்தினேன். அதுவும் கேட்கவில்லையோ என்னவோ, "டீயா? கொடு" என்றீர்கள்.

நம்புகிறேன். நம்பியதால் கோபம் குறைந்துவிடவில்லை. நான் பேசியது உங்களுக்குக் கேட்கவில்லை, சரி. நீங்கள் சிரித்தது எனக்குக் கேட்டதே.

ஒரு நிபந்தனை. எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதுங்கள். குழந்தையைப் பற்றி மட்டும் வேண்டாம். நானும் எழுத மாட்டேன்.

அடித்தொனி மட்டும் முழங்குகிற சப்வூஃபர் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் வைண்டிங் கடைக்கு ஒரு கார் ஸ்பீக்கர் வந்தது, தட்டு அகலம். காயில் கருகிவிட்டது. புதிதாகவே வாங்கிக்கொள்கிறேன் என்று சொந்தக்காரர் விட்டுப் போய்விட்டார். பம்ப் மோட்டாருக்குச் சுற்றுகிற கைக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். முதலில் சுற்றியது காந்தத்தில் உரசிக் கரகரத்தது. பிரித்து மறுபடி சுற்றினேன். யாரோ தூக்கிப்போட்ட ஹோம் தியேட்டரில் ஆம்ப்ளிஃபையர் கிடைத்தது. கூடு செய்யப் பலகைக்குப் பணம் கொட்டிக் கொடுக்க நான் எங்கே போவேன்?

எதிர் மனையில் கட்டடம் எழும்புகிறது. வட்டத் தூண் வார்க்கத் தடித்த அட்டைக் குழாயை நிறுத்தி உள்ளே கான்கிரீட் ஊற்றுகிறார்கள். மிஞ்சிய துண்டு ஒன்று மூலையில் கிடந்தது. மேஸ்திரியிடம் கேட்டேன். "எதுக்கும்மா, குப்பைத் தொட்டிக்கா?" என்றார். "ஸ்பீக்கர் பண்ணப் போறேன்" என்றேன். என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானே தோளில் தூக்கிவந்து மாடியில் வைத்துவிட்டுப் போனார். என் மார்பு உயரம் இருக்கிறது. கட்டிப்பிடித்தால் விரல்கள் அந்தப் பக்கம் தொட்டுக்கொள்கின்றன.

ஏன் இந்த வேலை என்று கேட்காதீர்கள். உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் "அடுத்தது நல்லபடியா தங்கும்மா" என்கிறார்கள். அறுக்கிற ரம்பம் கையில் இருந்தால் யாரும் கிட்டே வருவதில்லை.


ஜூலை 17

காயில்காரிக்கு,

நிபந்தனைக்குக் கட்டுப்படுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

குழாயை நல்லதாகத்தான் பிடித்திருக்கிறாய். உருளைக்குப் பக்கச் சுவர் உதறாது. பெட்டி செய்தால் உள்ளே நாலு பக்கமும் முட்டுக்கொடுக்க வேண்டும், இதற்கு வேண்டாம். பலவீனமெல்லாம் இரண்டு மூடிகளில்தான். பிளைவுட்டை இரண்டிரண்டாக ஒட்டி வட்டமாக அறுத்துக்கொள். ஸ்பீக்கர் கீழ் மூடியில், முகம் தரையைப் பார்க்கட்டும். கீழே மூன்று கால் வை, நாலு வேண்டாம், ஆடும். மேல் மூடியில் ஓட்டை போட்டு ஒரு பிளாஸ்டிக் குழாயை உள்ளே இறக்கு. உள்ளே அடிபடுகிற காற்று அதன் வழியாகத்தான் மூச்சுவிடும். அது நீளமானால் தொனி கீழே இறங்கும், குட்டையானால் ஏறும். முதலில் நீளமாகவே வெட்டு. வெட்டினதைக் குறைக்கலாம், வளர்க்க முடியாது.

இங்கே எல்லாருக்கும் என் காது விஷயம் தெரிந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. யாராவது சிரித்தால் என்னைப் பார்த்தா என்று திரும்புகிறேன். தாடிக்கு மட்டும் நானே சொன்னேன். "தெரியும்டா, அதான் நான் உனக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கேன்" என்றான்.

நீ சாப்பிடுகிறாயா? இதைக் கேட்கலாம்தானே? நிபந்தனையில் இல்லையே.


ஜூலை 28

உங்களுக்கு,

சாப்பிடுகிறேன்.

நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன், ஒன்றைத் தவிர. பிளாஸ்டிக் குழாயை ஒல்லியாக வாங்கிவிட்டேன். சத்தம் கூட்டினால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ‘புஸ் புஸ்’ என்றது. அகலமானது வாங்கி, வாயை அரத்தால் ராவி உருட்டிவிட்டேன். அடங்கியது. ஆனாலும் எங்கோ ஒரு விரிசல். மெழுகுவர்த்தியை விளிம்பு நெடுகக் காட்டிக்கொண்டே வந்தேன், கீழ் மூடி சேருகிற இடத்தில் சுடர் நடுங்கியது. அங்கே பசை வைத்தேன்.

உட்சுவரில் ஒட்டப் பஞ்சு வேண்டியிருந்தது. குழந்தைக்கு வாங்கிவைத்த மெத்தையைப் பிரித்தேன். நிபந்தனையை இந்த ஒரு வரிக்கு மட்டும் நானே மீறுகிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

உள்ளறையில் நிமிர்த்தி வைத்து ஓடவிட்டேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை, வயர் மாறிவிட்டதோ என்று குனிந்தேன். பிறகுதான் உள்ளங்கால் வழியாக ஏறியது. ஜன்னல் கண்ணாடி பேசியது. அலமாரியில் டம்ளர்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து போயின.

கீழ்வீட்டம்மா மூச்சிரைக்க மேலே வந்தார். "என்னம்மா இது, எங்க பீரோ தானா திறக்குது, நான் பேயின்னு நினைச்சு ஓடி வரேன்" என்றார். காட்டினேன். குழாய்மேல் கையை வைத்துப் பார்த்தார். "இதுல பாட்டு கீட்டு வருமா, இல்ல இடி மட்டும்தானா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். எவ்வளவு நாளாயிற்று. சிரித்ததும் எனக்கே என் மேல் கோபம் வந்தது.

தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் போட்டுக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறேன்.


ஆகஸ்ட் 8

காயில்காரிக்கு,

மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மூன்றாம் எஞ்சினில் டர்போ வெடித்துவிட்டது. காற்றை உள்ளே தள்ளுகிற சக்கரம் அது. வெடிப்பதற்கு முன்னால் வெகுநேரம் விசில் மாதிரிக் கத்தியிருக்கிறது. அந்த நேரத்தில் அதன் பக்கத்தில் நின்றது நான். மீட்டர் முள்ளெல்லாம் ஒழுங்காகத்தான் காட்டின. எனக்கு எதுவும் கேட்கவில்லை. தாடி அறையின் அந்தக் கோடியிலிருந்து கத்தியிருக்கிறான். நான் திரும்பவில்லை. ஓடிவந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். அவன் கைமேல் கொதிக்கிற எண்ணெய் கொட்டியது. முழங்கையிலிருந்து விரல் வரை வெந்துவிட்டது.

சென்சார் பழுது என்று ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தாடியும் அதையே சொல்கிறான். "வாயை மூடிட்டு இரு. நீ போய்ச் சொன்னா என் கை முன்ன மாதிரி ஆயிடுமா?" என்கிறான். இன்னும் இரண்டு வாரத்தில் டாக்டர் வருகிறார். கம்பவுண்டரின் விரல் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்த வேலை போனால் எனக்கு வேறு என்ன தெரியும்? எஞ்சினை விட்டால் நான் யார்? நீ ஒன்று சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.


ஆகஸ்ட் 16

உங்களுக்கு,

நான் சொல்கிறபடி செய்கிறேன் என்று என் தலையில் கட்டாதீர்கள். ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன்.

கேட்கவில்லை என்பதை மறைத்ததால் எனக்கு ஒரு காயம், தாடிக்கு ஒரு காயம். மூன்றாவது ஆள் யார் என்று பார்க்கக் காத்திருக்கிறீர்களா? அந்த மூன்றாவது ஆள் நீங்களாகவே இருந்தால், அதைச் சொல்ல எனக்கு யார் போன் செய்வார்கள்?

டாக்டருக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள்.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். பேசினால் புரியாது என்பதால் அழைக்க மாட்டேன். சும்மா தெரிந்துகொள்ளுங்கள்.


ஆகஸ்ட் 27

காயில்காரிக்கு,

கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். கம்பவுண்டர் பாவம், மிஷின் பழுது என்று நினைத்து வயரையெல்லாம் பிடுங்கிச் செருகிப் பார்த்தார். "மிஷின் நல்லாத்தான் இருக்கு சார், காதுதான்" என்றேன்.

மேனேஜரிடமும் நானே போய் டர்போ விஷயத்தைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டு, "இனி எஞ்சின் பக்கம் போகாதே" என்றார். தாடிதான் என்னோடு பேச மறுத்தான். இன்று புறப்படுகிறபோது கட்டுப்போட்ட கையோடு லாரிவரை வந்து, என் பெட்டியை இடது கையால் தூக்கி உள்ளே போட்டான். அதுவே எனக்குப் போதும்.

அடுத்த லாரியில் வருகிறேன் என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். இந்தக் கடிதம் போகிற லாரியிலேயே நானும் வருகிறேன். இதை நானே உன் கையில் கொடுப்பேன். என்ன பேசுவதென்று தெரியாததால் எழுதிக்கொண்டு வருகிறேன்.


செப்டம்பர் 19

சாப்பாட்டு மேசைமேல், உனக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிற புருஷன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். காது மிஷின் வரும்வரை வேறு வழியில்லை.

வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். கடையிலிருந்து வருகிறாய், டீ போட்டு வைக்கிறாய், உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் குழாயைப் போட்டுவிடுகிறாய். உன் குரலில் எனக்கு மிஞ்சியிருப்பது அடித்தொனி கொஞ்சம்தான். அதையும் உன் குழாய் விழுங்கிவிடுகிறது. அது ஓடினால் நீ எதிரில் நின்று பேசினாலும் எனக்கு வாயசைவு மட்டும்தான்.

நேற்று பிளக்கைப் பிடுங்கினேன். நீ என் முகத்தைக்கூடப் பார்க்காமல் மறுபடி செருகினாய். அதற்கு நீ என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம்.

நம் இரண்டு பேருக்காகத்தானே அதைச் செய்தாய்? அப்படியானால் ஏன் கதவைச் சாத்துகிறாய்?


செப்டம்பர் 20

உங்களுக்கு,

இரண்டு பேருக்காக என்று யார் சொன்னது? கீழ்வீட்டம்மாவும் தெரு முழுக்க அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறார், "காது கேக்காத புருஷனுக்கு ஸ்பீக்கர் செஞ்சு வெச்சிருக்கா, என்ன பொண்ணு!" என்று. உங்கள் காதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்காகச் செய்தேன். அது ஓடும்போது நான் வாய்விட்டு அழலாம். கீழே கேட்காது, தெருவுக்குக் கேட்காது, எனக்கே சரியாகக் கேட்காது. அதற்குத்தான்.

இனி நிபந்தனை வேண்டாம். சொல்லிவிடுகிறேன்.

அன்று காலையிலேயே இடுப்பு வலித்தது. கடையில் ஒரு பம்ப் மோட்டார் பாதி சுற்றியிருந்தேன். ஆள் வந்து காத்திருந்தார். முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று குனிந்தேன். முடித்துவிட்டு எழுந்தபோது ஸ்டூல் நனைந்திருந்தது. உங்கள் அண்ணி வந்து அழைத்துப்போனார். நர்ஸ் ஒருத்தி, "பாக்கணுமாம்மா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். பெண். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. விரலெல்லாம் தனித்தனியாக இருந்தது. ஒரு கை மடங்கி முகத்தருகே இருந்தது, தூங்குகிற மாதிரி. பிறகு துணியை மூடிவிட்டார்கள்.

அந்த மோட்டாரை அன்று தொடாமல் இருந்திருந்தால்? டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். "உன் வேலைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். கேட்டுக்கொண்டேன். மனசு கேட்க மாட்டேன் என்கிறது. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது சொல்லுங்கள், பிளக்கைப் பிடுங்கட்டுமா?


செப்டம்பர் 20, சாயங்காலம்

என் காயில்காரிக்கு,

படித்தேன். தெருக்கோடிவரை நடந்துபோய்த் திரும்பினேன். மறுபடி படித்தேன்.

டாக்டர் அம்மா சொன்னதை நானும் சொல்கிறேன். எஞ்சின் நிற்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், பக்கத்தில் நின்றவனைக் குற்றம் சொல்வது சுலபம் என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்றும் கேட்காதவன். நீ அப்படி இல்லை.

பிளக்கைப் பிடுங்க வேண்டாம். இனி நானும் தொட மாட்டேன். எத்தனை நாள் ஓட வேண்டுமோ ஓடட்டும். நீ உள்ளே போனதும் நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். தரை அதிர்கிறது. நீ இருக்கிறாய் என்று தெரிகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என்றைக்காவது உனக்குத் தோன்றினால், அதை நிறுத்திவிட்டு அழு. நீ பேசினால் எனக்குப் பாதிதான் புரியும். அழுதால் முழுசாகப் புரியும். அவள் எனக்கும் பெண்தானே. நானும் இன்னும் அழவில்லை.


செப்டம்பர் 23

கதவுக்கு அடியில் தள்ளுகிறேன், எடுத்துப் பாருங்கள்.

நிறுத்திவிட்டேன். தரை அடங்கியது தெரிந்திருக்குமே? தெரிந்தும் ஏன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்? கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை.

உள்ளே வாருங்கள். என் முகத்தைப் பார்க்கிற மாதிரி உட்காருங்கள். அவளைப் பற்றிப் பேசப் போகிறேன். புரியாவிட்டால் தலையாட்டக் கூடாது, திரும்பக் கேளுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன்.